வீட்டு கராஜில் விமானம்: கடன் இல்லாமல் எப்படிக் கட்டுறாங்க, பணம் எங்கே மாட்டுது?



2022-ல வாட்ஸ்அப்ல சுத்தின ஒரு செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். கேரளாவிலிருந்து போய் இங்கிலாந்தில் செட்டில் ஆன ஒரு இன்ஜினியர், லாக்டவுன் சமயத்தில் நாலு சீட் விமானம் ஒன்றை வீட்டிலேயே கட்ட ஆரம்பிச்சு, முடிச்சு, மனைவி குழந்தைகளோடு அதிலேயே டூர் போனார். தென் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஸ்லிங் நிறுவனத்தின் கிட் அது. செலவு சுமார் 1,40,000 பவுண்டுன்னு செய்திகளில் வந்தது. அதைப் பார்த்ததும் நம்ம எல்லாருக்கும் வந்த முதல் ரியாக்‌ஷன், "பணக்காரங்கப்பா, விடு!"

ஆனா இந்தப் பொழுதுபோக்கு ரொம்ப ஆழமா வேரூன்றின இடம் அமெரிக்கா. அங்கே இதைச் செய்யறவங்களில் பெரும்பாலானவங்க கோடீஸ்வரங்க இல்லை. மாச சம்பளக்காரங்க, ரிட்டயர்ட் ஆசிரியர்கள், மெக்கானிக்குகள். அவங்களால எப்படி முடியுது? வீடு, கார் மாதிரி பெரிய தொகைக்குத் திட்டம் போடற நமக்கு அந்தக் கணக்கில் நிறைய விஷயம் இருக்கு. அந்தக் கணக்கு 2023-ல ஒரு பெரிய அடியும் வாங்கிச்சு. வீடியோல வேகமா சொல்லிட்டுப் போன பகுதியை இங்கே கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

கிட் என்றால் என்ன?

தொழிற்சாலையில் வெட்டி, ஓட்டை போட்டு, நம்பர் ஒட்டின அலுமினியத் தகடுகள் மரப்பெட்டியில் வீட்டுக்கு வரும். கூடவே ஒரு தடிமனான செய்முறைப் புத்தகம். மீதி வேலை நம்முடையது. அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ ஒரு நிபந்தனை வெச்சிருக்கு: கட்டும் வேலையில் பாதிக்கு மேல் சொந்த ஆர்வத்துக்காகவோ கத்துக்கறதுக்காகவோ கட்டுறவங்க கையால் நடந்திருக்கணும். பேச்சு வழக்கில் '51 சதவீத விதி'ன்னு சொல்வாங்க. மனைவி, பிள்ளைகள், பக்கத்து வீட்டு நண்பர் செய்தாலும் கணக்கில் சேரும். காசு கொடுத்து ஆள் வெச்சுச் செய்தா அந்தப் பகுதி சேராது. அதனால தேதி, மணி நேரம், போட்டோன்னு எல்லாரும் ஒரு டைரி எழுதி வெப்பாங்க. கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது அதுதான் சாட்சி.

இந்த ஆட்களுக்குன்னே ஒரு சங்கம் இருக்கு. பெயர் இஏஏ. 1953-ல விஸ்கான்சின் மாநிலத்தில் பால் பொபரஸ்னி என்பவர் ஆரம்பிச்சது. ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாசம் ஆஷ்காஷ் ஊரில் திருவிழா மாதிரி கூடுவாங்க. 2014-லயும் 2018-லயும் அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே, வந்துபோற பொதுமக்களையும் ஆளுக்கு ஒரு ரிவெட் அடிக்க வெச்சு, ஒரு முழு விமானத்தையே கட்டி முடிச்சாங்க!

சம்பளக்காரருக்குச் சாத்தியமாகிற இடம்

உலகத்தில் அதிகமா கட்டப்படற கிட் விமானங்கள் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசை. ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வென் 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பிச்ச கம்பெனி. இதுவரை பறந்திருக்கிற ஆர்வி விமானங்கள் 11,000-க்கு மேல்.

இவங்க கிட்டைப் பகுதி பகுதியா விக்கறாங்க. முதல்ல வால் பகுதி கிட். அதை முடிச்சதும் இறக்கை கிட். அப்புறம் உடல் பகுதி. அப்புறம் சக்கரம், மேல்மூடி மாதிரியான கடைசி கிட். இன்ஜினும் காக்பிட் எலெக்ட்ரானிக்ஸும் கடைசியில். ஒரு பெட்டியில் இருக்கிற வேலை முடியறதுக்குள்ள அடுத்த பெட்டிக்கான பணத்தைச் சேர்த்துடலாம்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்தச் செலவு 1,50,000 டாலர்னு வெச்சுக்குவோம். அஞ்சு வருஷத்தில் கட்டினா மாசம் 2,500 டாலர் ஒதுக்கணும். வட்டி பூஜ்யம். இதையே 8 சதவீத வட்டியில் 15 வருஷக் கடனா வாங்கினா இஎம்ஐ சுமார் 1,434 டாலர்தான். பார்க்க சின்னதா இருக்கு. ஆனா 15 வருஷத்தில் கட்டி முடிக்கிற தொகை சுமார் 2,58,000. வட்டி மட்டும் 1,08,000 டாலர். பாதியில் வேலை போனா? கடன்காரருக்கு இஎம்ஐ நிக்காது. கட்டிக்கிட்டு இருக்கிறவர் கராஜைப் பூட்டிட்டு ஒரு வருஷம் கழிச்சுத் திறக்கலாம். இந்த 'நிறுத்தி வைக்கும் உரிமை'க்கு எந்த எக்ஸெல் ஷீட்டும் மதிப்பு போடறதில்லை. எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

இன்னொரு விஷயம், வால் பகுதி கிட் மலிவானது. பலர் அதைக் கட்டிப் பார்த்துட்டு "இது நமக்கு சரிப்படாது"ன்னு தெரிஞ்சுக்கிட்டு வித்துட்டு நகர்ந்துடறாங்க. கொஞ்சம் நஷ்டம்தான். ஆனா மொத்தமும் கட்டி ஏமாறுவதை விட எவ்வளவோ மேல்.

கிட் விலையை மட்டும் பார்த்து ஆசைப்படறவங்க மாட்டற இடமும் ஒண்ணு இருக்கு. விமானம் போல ஒரு உருவம் கராஜில் நிற்கும்போது பாதிப் பணம்கூடச் செலவாகியிருக்காது. இன்ஜின், புரொப்பெல்லர், எலெக்ட்ரானிக்ஸ், பெயின்ட் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். வீடு கட்டினவங்களைக் கேட்டுப் பாருங்க. கான்க்ரீட் போட்டதும் "முடிஞ்சிடுச்சு"ன்னு நினைச்சோம், டைல்ஸும் மரவேலையும்தான் கழுத்தைப் பிடிச்சுதுன்னு சொல்வாங்க. அதே கதை.

குடும்பம் எங்கே வருது?

வேன்ஸ் மாதிரி உலோக விமானத்தில் பத்தாயிரத்துக்கு மேல் ரிவெட் இருக்கும். அதில் பலதை ஒரு ஆள் தனியா அடிக்கறது கஷ்டம். ஒருத்தர் வெளியிலிருந்து ரிவெட் கன்னை அழுத்தணும். இன்னொருத்தர் உள்ளே கையை விட்டு, மறுபக்கம் ஒரு இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்கணும். அதுக்குப் பெயர் பக்கிங் பார். இறக்கைக்குள்ள குறுகலான இடத்தில் பெரியவங்க கையை விட பத்து வயசுப் பிள்ளையோட கை சுலபமாப் போகும்! இரண்டு பேருக்கும் தாளம் தவறினா தகடு நசுங்கிடும். அந்தத் தகடுக்கு மறுபடி ஆர்டர், மறுபடி காத்திருப்பு.

நேரக் கணக்கு இதுதான்: இரண்டு சீட் விமானத்துக்கு 1,500 மணி நேரம்னு வெச்சுக்கிட்டா, சனி ஞாயிறு சேர்த்து வாரம் 10 மணி நேரம் உழைச்சாலும் 150 வாரம். கிட்டத்தட்ட மூணு வருஷம். காய்ச்சல், கல்யாணம், ஆபீஸ் டெட்லைன் எல்லாம் சேர்ந்தா நாலஞ்சு. வீட்டில் இருக்கிறவங்களுக்கு இதில் ஈடுபாடு இல்லைன்னா இந்தத் திட்டம் பாதியில் நிக்கறதுக்குப் பணத்தை விட இதுவே பெரிய காரணமாகிடும். அஞ்சு வருஷ வார இறுதி என்பது வீட்டு பட்ஜெட்டில் எழுதாத ஒரு செலவு. ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசிடணும்.

2023: அட்வான்ஸ் கட்டினவங்களுக்கு என்ன ஆச்சு?

கோவிட் சமயத்தில் எல்லாரும் வீட்டில் இருந்தாங்க, கிட் ஆர்டர் குவிஞ்சது. வேன்ஸ் அதைச் சமாளிக்க சில தகடுகளில் ஓட்டைகளை லேசர் மூலம் வெட்டிக் கொடுத்தது. அந்த ஓட்டைகளின் ஓரத்தில் விரிசல் விடறதா வாடிக்கையாளர்கள் கண்டுபிடிச்சாங்க. வெளிநாட்டில் பாதி கட்டி வரும் கிட்களில் துருப் பிரச்சினை வேற. பாகங்களை மாத்திக் கொடுக்கணும், கப்பல் செலவும் ஏறிடுச்சு. ஆனா கையில் இருந்த ஆர்டர்கள் எல்லாம் பழைய விலையில். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி கம்பெனி சாப்டர் 11 திவால் பாதுகாப்புக்குப் போச்சு. சாப்டர் 11-னா கடையை மூடறதில்லை. "கடன்காரங்களைக் கொஞ்சம் தள்ளி வைங்க, நான் சீரமைச்சு எழுந்து வரேன்"னு கோர்ட்டில் கேட்கறது.

டெபாசிட் கட்டிட்டுக் காத்திருந்தவங்க முன்னாடி இரண்டு வழிதான் இருந்தது. ஒண்ணு, புது விலைக்கு ஒத்துக்கறது. கிட் விலை சராசரியா 32 சதவீதம் கூடியிருந்தது. ஏற்கனவே கட்டின டெபாசிட்டை அதில் கழிச்சுக்குவாங்க. இன்னொண்ணு, வேண்டாம்னு விலகிட்டு டெபாசிட்டைக் கேட்டுத் திவால் வரிசையில் நிக்கறது.

அந்த வரிசைதான் எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவங்க முன்னாடி. வழக்குச் செலவு, ஊழியர் சம்பள பாக்கி, வரி மாதிரி சிலது அதுக்கு அடுத்து. பொருளுக்கு முன்பணம் கட்டின சாதாரண வாடிக்கையாளர் எந்தப் பிணையும் இல்லாத கடன்காரர், கிட்டத்தட்ட கடைசி. அவர் சொந்த உபயோகத்துக்குக் கட்டின டெபாசிட்டில் ஒரு சின்னத் தொகைக்கு மட்டும் அமெரிக்கச் சட்டம் முன்னுரிமை கொடுக்குது. அந்த நேரத்தில் அது 3,350 டாலர். அதாவது 10,000 டாலர் டெபாசிட் கட்டியிருந்தா, மீதி 6,650 கடைசி வரிசையில்.

சரி, விலகிடலாம்னு பார்த்தா கராஜில் ஒரு வால் பகுதி முழுசா கட்டி முடிச்சு நிக்குது. அந்த வாலுக்கு வேற கம்பெனி இறக்கை பொருந்தாது. படிப்படியா வாங்கற முறை கடன்லேர்ந்து காப்பாத்தும், ஒரே சப்ளையரை நம்பி இருக்கிற நிலைமையிலிருந்து காப்பாத்தாது. ஒரு கணக்கு: 15,000 டாலர் வீதம் நாலு கிட்டில் இரண்டு வாங்கியாச்சு, மீதி 30,000. 32 சதவீதம் ஏறினா அது 39,600. 9,600 டாலர் கூடுதலா கட்டறதா, இல்ல 30,000 டாலர் போட்ட பொருளைப் பாதியில் விடறதா? பலர் கட்டினாங்க. 2024 நடுவில் கம்பெனி திவால் நடைமுறையிலிருந்து வெளியே வந்து, கிட்கள் தொடர்ந்து போய்க்கிட்டு இருக்கு.

இதில் யார் கம்மியா அடிபட்டாங்க? அடுத்த கிட்டுக்கு ரொம்ப முன்னாடியே டெபாசிட் போடாம, கையில் இருக்கிற வேலை முடியற சமயத்தில் போட்டவங்க. கிரெடிட் கார்டில் கட்டினவங்களுக்கு, பொருள் வரலைன்னா பேங்க் மூலமா டிஸ்ப்யூட் போடவாவது ஒரு வழி உண்டு. நேரடியா அக்கவுன்டுக்கு அனுப்பினவங்களுக்கு அதுவும் இல்லை.

நம்ம ஊரில் இதே நாற்காலியில் நாமும் உட்கார்ந்திருக்கோம். நகைக்கடைச் சீட்டு ஏன் 11 மாசத்தில் முடியுது தெரியுமா? பொருளுக்காக வாங்கின முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளா மாத்தாட்டா, கம்பெனி சட்ட விதிப்படி அது டெபாசிட்டா கருதப்படும். அதுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஃப்ளாட் விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. ரெரா சட்டப்படி வாங்கற பணத்தில் 70 சதவீதம் தனி அக்கவுன்டில் இருக்கணும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. 2018 திருத்தத்துக்கு அப்புறம் பில்டர் திவாலானா வீடு வாங்கினவங்களுக்கு நிதிக் கடன்காரர் அந்தஸ்தும் உண்டு. மாடுலர் கிச்சனுக்கு அட்வான்ஸ் கட்டினவருக்கு இது எதுவும் கிடையாது.

பறந்த பிறகு

கட்டி முடிச்ச உடனே குடும்பத்தை ஏத்திக்கிட்டுக் கிளம்ப முடியாது. முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்பு. ஜாலியா கூட வர யாரையும் ஏத்தக் கூடாது. அப்புறமும், இது அமெச்சூர் கட்டினது, வழக்கமான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது இல்லைன்னு பயணி கண்ணில் படற மாதிரி எழுதி ஒட்டணும். மாமியாரை முதல் தடவை உட்கார வெக்கும்போது அதைப் படிக்காம இருக்க வேண்டிக்கணும்!

ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், வருஷாந்திரச் சோதனை எல்லாம் பறந்தாலும் பறக்காட்டாலும் பெரும்பாலும் நிக்காது. வாடகைக்கு விட்டு ஈடுகட்டலாமான்னா, காசு வாங்கிக்கிட்டு ஆளையோ பொருளையோ ஏத்திப் போக இந்த வகை விமானத்துக்கு அனுமதியே இல்லை. ஆகவே இதை முதலீடுன்னு யாரும் எழுதிக்க வேண்டாம்.

இந்தியாவிலும் முயற்சி நடந்திருக்கு. மும்பை பைலட் அமோல் யாதவ் கிட் எதுவும் வாங்காம, சொந்த டிசைனில், மொட்டைமாடியில் ஆறு சீட் விமானம் கட்டினார். 2016-ல மேக் இன் இந்தியா கண்காட்சியில் வெச்சார். டிஜிசிஏ பதிவு கிடைச்சது 2017-ல.

கடைசியா, நண்பர்கள் சேர்ந்து கட்டறதைப் பத்தி. மூணு பேர் பணம் போட்டு, மூணு பேர் உழைச்சாலும், வருஷாந்திரச் சோதனையில் கையெழுத்துப் போடற ரிப்பேர்மேன் சான்றிதழை எஃப்ஏஏ ஒரே ஒருத்தருக்குத்தான் கொடுக்கும். அவர் இருக்கிற வரைக்கும் மெக்கானிக் செலவு மிச்சம். அவர் வேலை மாறி வேற ஊருக்குப் போனாலோ, பங்கை வித்துட்டு விலகினாலோ, அந்தக் கையெழுத்தும் அவரோடு போயிடும். அப்புறம் வருஷா வருஷம் அந்தச் சோதனைக்குத் தகுதியுள்ள வேற ஒருத்தரைத் தேடணும். அதனால விவரம் தெரிஞ்ச கூட்டாளிகள் முதல் பெட்டியை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே யார் எவ்வளவு போட்டாங்க, விலகினா பங்குக்கு என்ன விலை, அதை எத்தனை மாசத்துக்குள் கொடுக்கணும், அந்தச் சான்றிதழ் யார் பேரில்னு நாலு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கறாங்க.