உயர்திறன் மாதிரி ஏவூர்தி: அடிப்படைக் கலைச்சொற்களும் உறுப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

உயர்திறன் மாதிரி ஏவூர்திகளின் வகைப்பாட்டுக்கு அடிப்படை இயற்பியல் கூறும் திறன் அன்று. மொத்தக் கணத்தாக்கே ஆகும். அமெரிக்க நடைமுறையைக் கொண்டு இவ்வேறுபாட்டையும் ஏவூர்தியின் முதன்மை உறுப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கணத்தாக்கு, உந்துவிசை, அழுத்த மையம், மீட்பு அமைப்பு

முன்னுரை

அமெரிக்காவில் மாதிரி ஏவூர்திக்கான தேசியச் சங்கம் 1957இல் தோன்றியது. பெரிய மோட்டார்கள் பிற்காலத்தில் தனிப்பிரிவாக வரையறுக்கப்பட்டன. மொத்தக் கணத்தாக்கு 160 நியூட்டன்-விநாடியையோ, சராசரி உந்துவிசை 80 நியூட்டனையோ, உந்துபொருள் 125 கிராமையோ விஞ்சும் மோட்டார் உயர்திறன் வகையைச் சாரும். வாட் அலகில் அளக்கப்படும் திறன் இவ்வரையறையில் இடம்பெறவில்லை. ஆகவே ‘உயர்திறன்’ என்பது வழக்குப் பெயரேயன்றி அளவைப் பெயர் அன்று.

மோட்டார்க் குறியீடு

மோட்டார் ஒரு கணத்தில் தரும் விசை உந்துவிசை எனப்படும். எரியும் காலம் முழுவதற்கும் அதனைத் தொகுத்துப் பெறுவது மொத்தக் கணத்தாக்கு. குறியீட்டின் எழுத்து கணத்தாக்கின் வரம்பைச் சுட்டும். எச் வகுப்பின் மேல்வரம்பு 320 நியூட்டன்-விநாடி. ஐ வகுப்பிற்கு 640. அடுத்தடுத்த எழுத்துகளுக்கு அது இருமடங்காகிக்கொண்டே செல்லும். எழுத்தையடுத்த எண் சராசரி உந்துவிசையைக் குறிக்கும். சிறுகோட்டின் பின் வரும் எண், உந்துபொருள் எரிந்து முடிந்ததற்கும் வான்குடையை வெளித்தள்ளும் மருந்து பற்றுவதற்கும் இடைப்பட்ட விநாடிகளாகும்.

சான்றாக, 600 நியூட்டன்-விநாடி கணத்தாக்குடைய இரு மோட்டார்களைக் கொள்ளலாம். ஒன்று 200 நியூட்டனை 3 விநாடியும், மற்றொன்று 600 நியூட்டனை 1 விநாடியும் தருகின்றன. முன்னது ஐ200, பின்னது ஐ600. ஏவூர்தியின் எடை சராசரி உந்துவிசையின் மூன்றில் ஒரு பங்கை விஞ்சலாகாது என்பது பாதுகாப்பு விதி. இதன்படி முன்னது ஏறத்தாழ 6.8 கிலோகிராம் நிறையையும், பின்னது 20.4 கிலோகிராம் நிறையையும் மட்டுமே ஏற்கும். எழுத்தை மட்டும் நோக்கி மோட்டாரைத் தேர்ந்தால் பிழை நேரும்.

உறுப்புகள்

முனைக்கூம்பு, உடற்குழாய், துடுப்புகள், மோட்டார்த் தாங்கி, மீட்பு அமைப்பு ஆகியன முதன்மை உறுப்புகள். துடுப்புகள் அழுத்த மையத்தைப் பின்னோக்கி நகர்த்துகின்றன. ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்ட அளவேனும் அமைதல் வேண்டும். துடுப்புகள் செயற்படக் காற்றோட்டம் தேவை. ஆதலின் போதிய வேகம் பெறும் வரை ஏவுதண்டவாளம் ஏவூர்தியை நேராக நடத்துகிறது. உந்துவிசை குறைந்தால் ஏவூர்தி அவ்வேகம் பெறுமுன்னே தண்டவாளத்தை நீங்கிச் சாய்ந்துவிடும்.

இரட்டை மீட்பு முறையில், உயரமானி காற்றழுத்த மாற்றத்தால் உச்சியை அறிந்து சிறு வான்குடையை விரிக்கச் செய்கிறது. தாழ்ந்த உயரத்தில் பெருங்குடை விரிகிறது. காற்று ஏவூர்தியை நெடுந்தொலைவு அடித்துச் செல்வது இதனால் தவிர்க்கப்படுகிறது.

முடிவுரை

கணத்தாக்கு, உந்துவிசை, திறன் ஆகிய மூன்றையும் ‘ஆற்றல்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் மோட்டார்த் தேர்வின் அடிப்படையே மறைந்துவிடும். பாடநூல்களில் நிலைபெற்ற இச்சொற்களைப் பிரித்தாளுதல் மொழித்தூய்மைக்காக மட்டுமன்று. ஏவுதளத்தில் நிற்போரின் பாதுகாப்பிற்காகவும் ஆகும்.