ஒரு பல்புக்காக பம்பரைக் கழற்ற வேண்டுமா?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் லோடு ஏற்றிக் கிளம்பும் பிக்கப் வண்டிக்கு இரவுதான் வேலை நேரம். நடுவழியில் ஒரு பக்க ஹெட்லைட் அணைந்தால் எதிரே வருபவருக்கு அது பைக் போலத்தான் தெரியும். பைக்குக்கு விடுகிற இடத்தை மட்டும் விட்டு அவர் நேராக வருவார்.

பழைய வண்டிகளில் இது பெரிய வேலையே இல்லை. டேஷ்போர்டுக்குள் ஒரு எச்4 பல்பு எப்போதும் கிடக்கும். கப்ளரைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, ஸ்பிரிங் கிளிப்பைத் தள்ளிவிட்டு, புது பல்பைச் சொருகினால் முடிந்தது. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

இப்போது வருகிற சில மாடல்களில் பேட்டரிக்கும் ஃபெண்டருக்கும் இடையே கை மட்டும்தான் நுழையும், கண் நுழையாது. கிளிப் எங்கே இருக்கிறதென்று விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேறு சிலவற்றில் விளக்கு முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு முன் பம்பரைத் தளர்த்த வேண்டும். எல்இடி ஹெட்லைட் என்றால் பெரும்பாலும் மாற்றுவதற்குத் தனியாக பல்பே கிடையாது. விளக்கையே மாற்றச் சொல்வார்கள். சில நூறு ரூபாயில் முடிந்த செலவு பல ஆயிரத்துக்குப் போகிறது.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்றில்லை. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறை 48, வாகன பல்பைத் தனித் திறமையோ சிறப்புக் கருவியோ இல்லாமல் மாற்ற முடிய வேண்டும் என்கிறது. ஆனால் மாற்றவே முடியாதபடி செய்த விளக்குகளுக்கு அதிலேயே விலக்கும் உண்டு. கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

“வெளி மெக்கானிக் கை வைத்தால் வாரண்டி போய்விடும்” என்பது சர்வீஸ் சென்டர்களில் அடிக்கடி கேட்கும் மிரட்டல். இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் கெட்டுப்போன பகுதிக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. 2016இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் அபராதத்தைக் குறைத்தது. தவறு நடந்தது என்பதை மாற்றவில்லை.

அதற்காகக் கடையில் கிடைப்பதையெல்லாம் மாட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. எச்4 பல்பின் அளவு 60/55 வாட். அதில் 100/90 வாட் பல்பைப் போட்டால் ஹோல்டர் உருகும், வயரிங் கருகும். வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்கு நியாயமான காரணமும் கிடைத்துவிடும். ஹாலஜன் பல்புக்காகச் செய்த ஹெட்லைட்டில் வெள்ளை எல்இடியைச் சொருகினால் ஒளி கண்டபடி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கி விழ வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 106. இன்னொன்று: ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரமே போய்விடும். சுத்தமான துணியால் பிடித்தால் போதும்.

வாரண்டியை மறுத்தாலும், தொழிலுக்கு வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. பத்து வண்டி வைத்து வாடகைக்கு விடுபவரின் வழக்கு சிக்கலானதுதான். ஆனால் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, தானே ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுபவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியதை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று சட்டமே விளக்கம் தருகிறது.

ஆகவே பல்பு மாற்றினாலும் பில் வாங்குங்கள். கேட்டும் பில் தராவிட்டால், அதுவே நியாயமற்ற வணிக நடைமுறை. வாரண்டி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பல மறுப்புகள் அந்த இடத்திலேயே இளகிவிடும். இளகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை.

புது வண்டி வாங்கப் போகிறவர்கள், மைலேஜ் கேட்ட கையோடு பானெட்டைத் திறக்கச் சொல்லி, “இந்த பல்பை எப்படி மாற்றுவது, கொஞ்சம் செய்து காட்டுங்கள்” என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.