திறமூல இயங்குதளங்களில் இசையாக்க மென்பொருள்: தன்னார்வலர் உழைப்பும் பொது இடைமுகங்களும்

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தில் இசையைப் பதிவு செய்யவும் தொகுக்கவும் கலக்கவும் பயன்படும் மென்பொருள்கள் பெரும்பாலும் தன்னார்வ நிரலாளர்களின் முயற்சியால் வளர்ந்தவை. இம்முயற்சிகளின் நிலைத்த பயன் தனித்தனிச் செயலிகளைவிட, அவற்றை இணைக்கும் பொது இடைமுகங்களிலேயே உள்ளது என்பதை ஜாக், லாட்ஸ்பா, எல்வி2, ஆர்டோர், பைப்வயர் ஆகியவற்றின் வளர்ச்சியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு சிலரிடம் மட்டுமே தங்குவதால் எழும் சிக்கலையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், லினக்ஸ், இசையாக்கம், ஒலித் தாமதம், செருகுநிரல், தன்னார்வ உழைப்பு, பராமரிப்பு

முன்னுரை

வணிக இயங்குதளங்களில் ஒலி அட்டையின் இயக்கி, இயங்குதளத்தின் ஒலி அமைப்பு, பதிவு மென்பொருள் ஆகியவற்றை ஊதியம் பெறும் பணியாளர்கள் உருவாக்குகின்றனர். லினக்ஸில் இவ்வடுக்குகள் வெவ்வேறு குழுக்களால், வெவ்வேறு காலங்களில், பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் எழுதப்பட்டன. எந்தக் குழுவுக்கும் மற்றொன்றின் மீது அதிகாரம் இல்லை. ஆகவே இங்கு மேம்பாடு என்பது நல்ல செயலியை எழுதுவதோடு முடிவதில்லை. ஒருவரையொருவர் கட்டுப்படுத்த இயலாத குழுக்கள் ஒரே ஒழுங்கிற்கு உடன்படுவதையும் அது உள்ளடக்கியது.

காலத் தாமதமும் கெர்னலும்

இசையாக்க மென்பொருளை ஏனைய மென்பொருள்களிலிருந்து வேறுபடுத்துவது காலம். கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாக இடையகத்தில் சேர்த்துக் கையாள்கிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில் 1,024 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதி நிரம்ப ஏறத்தாழ 21 மில்லி விநாடி ஆகும்; 64 மாதிரிகள் எனில் 1.3 மில்லி விநாடி போதும். காற்றில் ஒலி 10 மில்லி விநாடியில் சுமார் மூன்றரை மீட்டர் செல்கிறது. தாம் வாசிப்பதையே காதணியில் கேட்டபடி பதிவு செய்யும் கலைஞருக்கு இதைவிடப் பெரிய தாமதம் இடையூறாகும்.

தொகுதியைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும். ஆனால் அடுத்த தொகுதியைக் குறித்த நேரத்தில் நிரப்பத் தவறும் வாய்ப்பு கூடும். தவறினால் ஒலி அறுபட்டுப் பதிவில் வெடிப்பொலி கேட்கும். பொதுப் பயன்பாட்டுக்கு அமைந்த இயங்குதளம் சராசரி வேகத்தை நாடுகிறது. இசைக்கு வேண்டுவதோ மிக மோசமான தருணத்திலும் தவறாத உறுதி. இதனால் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே ஒலி மென்பொருள் உருவாக்குநர்கள் கெர்னல் எனப்படும் கருவகத்தில் தாமதத்தைக் குறைக்க வேண்டுமென வலியுறுத்தத் தொடங்கினர். தனி ஒட்டுநிரலாகப் பல்லாண்டுகள் பராமரிக்கப்பட்ட நிகழ்நேரச் செயற்பாடு, 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12 பதிப்பில்தான் முதன்மைக் கெர்னலில் முழுமையாக இடம்பெற்றது. தொழிற்சாலைக் கட்டுப்பாடு போன்ற துறைகளின் தேவையும் நிதியும் இதற்குத் துணைநின்றன என்பது கருதத்தக்கது.

கெர்னலின் ஒலிப் பகுதியும் இவ்வாறே ஒருவரின் முயற்சியில் தொடங்கியது. 1998இல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய அல்சா திட்டம், 2.6 கெர்னல் வரிசையில் பழைய ஒலி அமைப்புக்கு மாற்றாக அமைந்தது.

ஜாக்: செயலிகளுக்கிடையே ஓர் ஒழுங்கு

பால் டேவிஸ் 1999இன் இறுதியில் ஆர்டோர் என்னும் பல்தடப் பதிவு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதன் ஒலி இயந்திரத்திலிருந்து பிறந்ததே ஜாக் என்னும் ஒலிச் சேவையகம். ஒரு செயலியின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீட்டுடன் இணைக்கும் வாய்ப்பை அது தந்தது. தாள இயந்திரம், இசைத்தொகுப்பி, பதிவுக் கருவி ஆகியன தனித்தனி நிரலாளர்களால் எழுதப்பட்டிருந்தாலும் ஒரே காலக் கணக்கில் இயங்கலாயின.

இதன் செயல்முறை எளியது, ஆனால் கண்டிப்பானது. ஒவ்வொரு சுற்றிலும் சேவையகம், இணைந்துள்ள செயலிகளை ஒலி செல்லும் வரிசையில் இயக்குகிறது. ஒலி முழுவதும் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களாகவே பரிமாறப்படுகிறது. தன் முறை வரும்போது எந்தச் செயலியும் வட்டிலிருந்து படித்தல், நினைவகம் கோருதல், பூட்டுக்காகக் காத்திருத்தல் போன்ற நேரம் உறுதியற்ற செயல்களில் ஈடுபடலாகாது. ஒன்று தாமதித்தால் அந்தச் சுற்றே பாதிக்கப்படும். இக்கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்ட எவரும், பிறரிடம் அனுமதி கேளாமலே, தம் செயலியை அமைப்பில் சேர்க்க முடிந்தது.

செருகுநிரல் தரநிலைகள்

ஒலிச் சமன்படுத்தி, எதிரொலி, அழுத்தி முதலியவற்றை ஒவ்வொரு மென்பொருளிலும் புதிதாக எழுதுவது வீண். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஃபர்ஸ் முன்னெடுத்த லாட்ஸ்பா இதற்கு விடையளித்தது. அது ஒரே தலைப்புக் கோப்பில் அடங்கிய எளிய தரநிலை. அவ்வெளிமையே அது விரைந்து பரவக் காரணம். அதன் வரம்பும் அதுவே. மிடி குறிப்புகளைப் பெறவோ, செருகுநிரலுக்கெனத் தனித் திரை அமைக்கவோ அதில் வழியில்லை.

அதனையடுத்து ஸ்டீவ் ஹாரிஸ், டேவிட் ரோபிலார்ட் ஆகியோரின் முயற்சியில் எல்வி2 உருவானது. இது அடிப்படையைச் சிறிதாக வைத்து, கூடுதல் வசதிகளை நீட்சிகளாகச் சேர்க்க இடமளித்தது. செருகுநிரலின் விவரங்கள் நிரலுக்கு வெளியே தனி உரைக்கோப்புகளில் எழுதப்படுகின்றன. தரநிலை மாறியபோதும் பழைய செருகுநிரல்கள் கைவிடப்படவில்லை. ஆர்டோர் லாட்ஸ்பா, எல்வி2 இரண்டையும் ஏற்கிறது. ஒரு பதிவைப் பல ஆண்டுகளுக்குப் பின் திறக்கும்போது அதில் பயன்பட்ட செருகுநிரல் இயங்காவிடில், அந்தக் கலவையை அப்படியே மீட்க இயலாது. எனவே பழைய இடைமுகத்தைப் பேணுதல் இசை ஆவணங்களைப் பேணுதலும் ஆகும்.

பயனர் மீது விழுந்த சுமை

பகுதிகளாகப் பிரித்து எழுதும் முறைக்கு விலையும் உண்டு. பகுதிகளைப் பொருத்தும் வேலை பயனர் தலையில் விழுந்தது. நிகழ்நேர முன்னுரிமை பெறப் பயனர் அமைவுக் கோப்புகளைத் தாமே திருத்த வேண்டியிருந்தது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஃபெடோரா, உபுண்டு வழங்கல்கள் பல்ஸ்ஆடியோவை இயல்பிருப்பாக ஏற்றபின், அது பிடித்துவைத்திருக்கும் ஒலி அட்டையை விடுவித்தே ஜாக்கைத் தொடங்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. 2007இல் முதற்பதிப்பு வெளியான உபுண்டு ஸ்டுடியோ, இத்தகைய அமைவுகளைச் செய்துவைத்து வழங்கும் நோக்குடையது. புதிய நிரல் எழுதுவதற்கு ஈடாக, இருப்பவற்றைப் பொருத்துவதும் தன்னார்வப் பங்களிப்பே என்பதை இது காட்டுகிறது. ஆர்டோரும் 2015இல் வெளியான 4.0 பதிப்பிலிருந்து ஜாக் இன்றியே ஒலி அட்டையுடன் நேரடியாக இயங்கும் வழியைத் தந்தது.

பராமரிப்பும் பொருளும்

புதிய வசதியை எழுதுவதில் உள்ள ஆர்வம், பிழைகளைத் திருத்துவதில் நெடுங்காலம் நீடிப்பதில்லை. ஆர்டோர் இதற்குக் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. அதன் மூலநிரல் குனூ பொது உரிமத்தின்கீழ் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. உடனே இயங்கும் வடிவத்தைத் திட்டத்தின் தளத்திலிருந்து பெற விரும்புவோர் சிறு தொகை செலுத்துகின்றனர். ஆர்டோரை அடிப்படையாகக் கொண்டு ஹாரிசன் நிறுவனம் 2009இல் மிக்ஸ்பஸ் என்னும் வணிக மென்பொருளை வெளியிட்டது. கட்டற்ற உரிமமும் வருவாயும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதற்கு இவை சான்று. எனினும் இத்தகைய வருவாய், பலர் அறிந்த முழுச் செயலிக்கே வாய்க்கிறது. திரைக்குப் பின்னால் இயங்கும் இடைமுகத்துக்குப் பணம் செலுத்த எவரும் எண்ணுவதில்லை.

இவ்விடத்தில் பைப்வயரின் வரலாறு தெளிவு தருகிறது. ரெட் ஹேட் நிறுவனப் பணியாளரான விம் டேமன்ஸ் உருவாக்கிய இது முதலில் காணொளிக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் ஒலிக்கும் விரிந்தது. 2021இல் ஃபெடோரா 34 இதனை இயல்பிருப்பு ஒலி அமைப்பாக ஏற்றது. 2023 நவம்பரில் 1.0 பதிப்பு வெளியானது. பல்ஸ்ஆடியோவுக்கும் ஜாக்குக்கும் எழுதப்பட்ட செயலிகள் மாற்றமின்றி இதன்மீது இயங்குகின்றன. ஊதியம் பெறும் பொறியாளரின் தொடர்ந்த உழைப்பு, நெடுநாள் பிளவை இணைத்தது. ஆனால் அவ்விணைப்பைச் சாத்தியமாக்கியது ஜாக்கின் இடைமுகம் ஏற்கெனவே வெளிப்படையாக இருந்ததேயாகும். சேவையகம் மாறியது; அதற்காக எழுதப்பட்ட செயலிகள் மாறவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, லினக்ஸ் இசையாக்கத்தின் மையச் சிக்கல் வசதிகளின் எண்ணிக்கையன்று. பல அடுக்குகளும் குறித்த காலத்துக்குள் ஒருங்கியங்குவதே. இரண்டாவது, தன்னார்வலர்கள் வகுத்த பொது இடைமுகங்கள் தம்மைத் தோற்றுவித்த செயலிகளையும் கடந்து நிலைக்கின்றன. மூன்றாவது, தன்னார்வம் தொடக்கத்துக்குப் போதுமானதாக இருந்தது. தொடர்ச்சிக்குப் பயனர் தொகையோ நிறுவன ஊதியமோ தேவைப்பட்டது. திறமூல முயற்சிகளை மதிப்பிடுவோர் யார் எழுதினார் என்பதோடு, யார் இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும்.