வெப்பமானி அளவைகளும் நேர்கோடுகளும்

ஒரு நேர்கோட்டை மற்றொரு நேர்கோட்டினின்றும் பிரித்தறிதற்கு இரண்டே எண்கள் போதும். ஒன்று அதன் படித்திறன். மற்றையது அது நிலைக்குத்தச்சை வெட்டுமிடத்தைக் காட்டும் வெட்டுத்துண்டு. கிடையச்சில் அளக்கப்படும் கணியத்தைக் 'க' எனவும், அதனைச் சார்ந்து மாறுங் கணியத்தை 'ய' எனவுங் கொண்டால், ஏகபரிமாணச் சார்பு எதுவும் ய = ச × க + வ என்னும் வடிவில் அமையும். க ஓரலகு கூடும்போது ய எவ்வளவு மாறுகின்றது என்பதைத் தெரிவிப்பது 'ச' எனும் படித்திறன். க பூச்சியமாகும்போது ய கொள்ளும் பெறுமானமே 'வ' எனும் வெட்டுத்துண்டு. இவை எளிய கருத்துக்களேயாயினும், ஒன்றன் தொழிலை மற்றொன்றன்மேல் ஏற்றிவிடும் பிழை கற்றோரிடத்தும் காணப்படுவதொன்று. அதனைத் தெளிதற்கு வெப்பநிலை அளவைகள் தக்க உதாரணமாகும்.

பரனைற்று என்பார் 1724 ஆம் ஆண்டில் தம் அளவையை வெளியிட்டார். சுவீடன் நாட்டு வானியலறிஞராகிய செல்சியசு 1742 இல் மற்றோர் அளவையை வகுத்தார். பிரான்சு நாட்டு இரேயோமரின் பெயரால் வழங்கிய அளவை, பனிக்கட்டி உருகுநிலைக்கும் நீரின் கொதிநிலைக்கும் இடையே 80 பாகைகளை உடையது. 1848 இல் கெல்வின் பிரபு தனி வெப்பநிலை அளவையின் கருத்தை எடுத்துரைத்தார். இன்றைய செல்சியசுப் பாகையைக் க எனக் கொண்டால், பிற அளவைகள் பின்வருமாறு அமையும்.

பரனைற்று: ய = 1.8 × க + 32
இரேயோமர்: ய = 0.8 × க
கெல்வின்: ய = க + 273.15

செல்சியசு முதலில் வகுத்த அளவை வியப்புக்குரியது. அதில் கொதிநிலை 0 எனவும் உருகுநிலை 100 எனவும் குறிக்கப்பட்டன. அஃதாவது ய = 100 − க. வெப்பம் ஏற ஏற எண் இறங்குதலின், அதன் படித்திறன் எதிர்க்குறி பெறும். அவ்வளவை பின்னர் தலைகீழாக மாற்றப்பட்டது.

இக்கோடுகளை ஒரே தளத்தில் வரைந்து ஒப்பிடுக. செல்சியசு, கெல்வின் என்னும் இரண்டும் படித்திறன் 1 உடையன, வெட்டுத்துண்டே வேறு. ஆதலின் அவை சமாந்தரமானவை, எக்காலத்துஞ் சந்தியா. படித்திறன் வேறுபடும் கோடுகளோ ஓரிடத்திற் சந்தித்தே தீரும். கெல்வின் கோடு 273.15 இலும், பரனைற்றுக் கோடு 32 இலும் நிலைக்குத்தச்சை வெட்டுகின்றன. பின்னது 241.15 அலகு தாழ்ந்திருப்பினும், ஒவ்வொரு பாகைக்கும் 0.8 அலகு மிகுதியாக ஏறுகின்றது. 241.15 ஐ 0.8 ஆல் வகுக்க, ஏறக்குறைய 301.4 செல்சியசுப் பாகையில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் எனப் பெறுகின்றோம். இவ்வாறே பரனைற்றும் செல்சியசும் −40 இற் சந்திக்கும். வெட்டுத்துண்டுகளின் வேறுபாட்டைப் படித்திறன்களின் வேறுபாட்டால் வகுத்தல் என்பதே இதன் விதி.

இனி, பிழை நிகழும் இடத்தை நோக்குவாம். 2015 இல் நிறைவேறிய பாரிசு உடன்படிக்கை, உலகின் சராசரி வெப்பநிலை உயர்வை 2 செல்சியசுப் பாகைக்கு நன்கு கீழே நிறுத்தல் வேண்டும் என்றது. இவ்வுயர்வு எத்தனை பரனைற்றுப் பாகை? வாய்பாட்டில் 2 ஐ இட்டு 35.6 என விடை கூறுவோர் உளர். அது 2 பாகை என்னும் வெப்பநிலைக்கு உரிய விடை. 2 பாகை உயர்வுக்கு உரியதன்று. உயர்வு என்பது இரு வெப்பநிலைகளின் வித்தியாசம். வித்தியாசங் காணும்போது 32 கழிந்துவிடும். படித்திறன் மட்டுமே எஞ்சும். எனவே சரியான விடை 3.6 ஆகும். உடல் வெப்பநிலை 37 இலிருந்து 39 செல்சியசுப் பாகைக்கு ஏறுமாயின், பரனைற்றில் அது 98.6 இலிருந்து 102.2 ஆகும். இங்கும் உயர்வு 3.6 என்பது காண்க.

மற்றொரு பிழை விகிதத்தைப் பற்றியது. 40 செல்சியசுப் பாகை 20 பாகையினும் இருமடங்கு வெப்பமுடையது எனக் கூறலாமா? பரனைற்றில் அவை முறையே 104, 68 ஆகும். இருமடங்கு எங்கே மறைந்தது? வெட்டுத்துண்டு பூச்சியமல்லாத கோடு விகிதத்தைக் காப்பதில்லை. இரேயோமர் கோடு உற்பத்திப் புள்ளியூடு செல்லுதலின் 32, 16 என விகிதம் நிற்கும். ஆயினும் அப்பூச்சியமும் நீர் உறையும் நிலையை மனிதர் தெரிந்துகொண்டதன் விளைவே.

இயற்கை தரும் பூச்சியமும் ஒன்றுண்டு. மாறா அமுக்கத்திலுள்ள இலட்சிய வாயுவின் கனவளவை வெப்பநிலைக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். வாயுவின் அளவு வேறுபட, படித்திறனும் வெட்டுத்துண்டும் வேறுபடும். ஆயினும் அவ்விரண்டின் விகிதம் மாறாமையால், பின்னோக்கி நீட்டிய கோடுகள் யாவும் கிடையச்சை −273.15 இலேயே வெட்டும். கெல்வின் அளவையின் பூச்சியம் அதுவே. அவ்வளவையில் 20, 40 செல்சியசுப் பாகைகள் 293.15, 313.15 ஆகும், பின்னது நூற்றுக்கு ஏறக்குறைய 7 மட்டுமே மிகுந்தது.

மாற்றத்தை அறிய விரும்புவோன் படித்திறனை நோக்குக; நிலையை அறிய விரும்புவோன் வெட்டுத்துண்டையும் உடன்சேர்த்து நோக்குக; மடங்கு கூற விரும்புவோன் பூச்சியம் எங்கே வைக்கப்பட்டது என்பதை முதலில் வினவுக. இம்மூன்றையும் பிரித்தறியும் மாணாக்கனுக்கு, எண்களைக் கொண்டு பிறர் கூறும் ஒப்பீடுகளை ஆராய்ந்து ஏற்கும் ஆற்றல் தானே வந்தெய்தும்.