பச்சைக் கோடும் பரிதியின் மகுடமும்

முழுச் சூரிய கிரகணத்தின்போது கருவட்டத்தைச் சூழ்ந்து முத்துநிறமாய் ஒளிரும் மகுடத்திற்குக் கரோனா என்பது பெயர். அசைவற்றதுபோல் தோன்றினும், அங்குள்ள பிளாஸ்மா, அஃதாவது எலெக்ட்ரான்களை இழந்து மின்னேற்றம் பெற்ற வாயு, ஓயாது இயங்குகின்றது. எட்டாத் தொலைவிலுள்ள அவ்வியக்கத்தை அளக்கும் வகையை ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

1869ஆம் ஆண்டுக் கிரகணத்தில் ஹார்க்னஸ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கரோனாவின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டனர். அதன் அலைநீளம் 5303 ஆங்ஸ்ட்ராம். மண்ணுலகில் இல்லாத புதுத் தனிமம் ஒன்றின் அடையாளம் அதுவெனக் கருதி, அத்தனிமத்திற்குக் ‘கரோனியம்’ என்று பெயருமிட்டனர். எழுபதாண்டுகள் கழிந்தபின், கிரோட்ரியான், எட்லேன் ஆகியோர் ஆராய்ச்சியால் அது பதின்மூன்று எலெக்ட்ரான்களை இழந்த இரும்பே என்பது தெளிவாயிற்று. இரும்பு அந்நிலை எய்தப் பத்து லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஏறத்தாழ 5500 டிகிரியே. அடுப்பை விட்டு விலக வெம்மை மிகும் இவ்விந்தைக்குக் காரணம் யாது? இன்றும் முடியாத வழக்கு இது. அக்கோடு அதில் ஒரு சாட்சி.

அலைகளை எதிர்த்துச் செல்லும் கட்டுமரம் அவற்றை அடிக்கடி சந்திக்கும். அலைகளோடு செல்வது அரிதாகவே சந்திக்கும். அவ்வாறே நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நீலப்புறமும், அகலும் வாயுவின் கோடு செம்புறமும் பெயரும். விநாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திற்குப் பச்சைக்கோடு பெயர்வது 0.18 ஆங்ஸ்ட்ராம் அளவே. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. குறிலும் நெடிலும் மயங்கினாற் பொருள் கெடுமென்று கற்ற எமக்கே இந்நுண்மை வியப்பளித்தது!

ஊர்வலம் ஒரே திசையிற் செல்லும். சந்தைக் கூட்டமோ எத்திசையிலும் அலைமோதும். வாயு சந்தைக் கூட்டம்போல் இயங்கின் கோடு இடம்பெயராது அகலும். 20 லட்சம் டிகிரியில் வெப்பத்தால் மாத்திரம் இரும்பணுக்கள் விநாடிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர் வேகத்தில் அலையும். ஆயினும் அதனால் விளையும் அகலத்தினும் காணும் அகலம் மிகுதி. அம்மிகுதி காந்தப்புலத்தின் வழியே ஏறும் அலைகளின் சுவடாயின், கரோனாவைச் சூடேற்றும் ஆற்றலை அங்கே தேடலாம். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பெற்ற ஆதித்யா-எல்1 விண்கலத்திலும் இதே பச்சைக்கோட்டை நோக்கும் கருவி உண்டு.

ஓர் இடர்ப்பாடு மட்டும் எஞ்சுகின்றது. பெயர்ச்சியை அளக்கப் பெயராத நிலை எதுவென முன்னரே தெரிதல் வேண்டும். 2006இல் ஜப்பானியர் ஏவிய ஹினோடே விண்கலத்தின் நிறமாலைக் கருவியில் அதனை உணர்த்தும் ஒப்பு விளக்கு இல்லை. ஆதலின் சூரியனில் அமைதியான பகுதியொன்றின் சராசரியையே சுழியாகக் கொள்வர். அப்பகுதியே மெல்ல நகருமாயின், அந்நகர்வு எல்லா அளவுகளிலும் பிழையாகப் புகுந்துவிடும்.