பருந்து ஒதுங்கினால் ஓணான் மெலியும்! காற்றாலையும் வேட்டைப் பறவைகளும்

மீஞ்சூர், எண்ணூர், காசிமேடு பக்கம் வானத்தை அண்ணாந்து பார்த்தால், ஒரு கள்ளப் பருந்தாவது வட்டமடித்துக்கொண்டிருக்கும். இறக்கையை அடிக்காமலேயே நெடுநேரம் மிதக்கும். வெயிலில் சூடாகி மேலே எழும் காற்றுதான் அதற்கு லிஃப்ட்!

பருந்துக்கும் காற்றுதான் பிழைப்பு. காற்றாலைக்கும் காற்றுதான் பிழைப்பு. இரண்டும் ஒரே இடத்தைத் தேடினால் என்ன ஆகும்?

பருந்தின் மீது ஜி.பி.எஸ்!

ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் கள்ளப் பருந்துகள் பல, ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள தாரிஃபா வழியாகக் கடலைக் கடக்கின்றன. அங்கே காற்றாலைகளும் அதிகம். 130 பருந்துகளுக்கு ஜி.பி.எஸ் கருவி பொருத்தி ஆராய்ந்தார்கள். காற்றாலையைச் சுற்றி சுமார் 670 மீட்டர் வரை அவை பறப்பது குறைந்திருந்தது. மிதந்து பறக்க ஏற்ற இடங்களில் 3 முதல் 14 சதவிகிதம் வரை இப்படிக் கைவிட்டுப்போனது.

அதாவது, இறக்கையில் அடிபட்டுச் சாவது மட்டுமே ஆபத்து அல்ல. அடிபடாமல் தப்பிக்கும் பறவையும் தன் வானத்தை இழக்கிறது.

சதாரா மலையில் நடந்தது

பருந்து ஒதுங்கினால் கீழே என்ன நடக்கும்? மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில், சால்கேவாடி என்ற மலைமேட்டில் இதற்கு விடை கிடைத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கர் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு அது. காற்றாலை இல்லாத பகுதிகளில் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் இருந்தன.

காற்றாலைப் பகுதியில் பருந்து பயம் இல்லாததால் ஓணான்கள் பெருகின. ஆள் கிட்டே போனாலும் சட்டென்று ஓடவில்லை. மன அழுத்த ஹார்மோனும் குறைவு. நிம்மதியான வாழ்க்கைதானே என்று தோன்றும். ஆனால், கூட்டம் கூடியதால் இரைக்குப் போட்டி. உடல் மெலிந்தது. ஆண் ஓணான்களின் தொண்டையில் பளிச்சிடும் நிறமும் மங்கியது.

அப்படியானால் காற்றாலை வேண்டாமா?

வேண்டும். அனல் மின் நிலையச் சாம்பலோடு வாழும் அத்திப்பட்டு, எண்ணூர் மக்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. முப்பந்தல் தொடங்கி தமிழ்நாடு முழுவதும் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலைகள் நிறுவப்பட்டிருக்கின்றன. இன்னும் வரும்; வரவும் வேண்டும்.

வழிகளும் இருக்கின்றன. தாரிஃபா பகுதியில் பிணந்தின்னிக் கழுகுகள் நெருங்கும்போது, அந்தக் காற்றாலையை மட்டும் சிறிது நேரம் நிறுத்தினார்கள். கழுகுகளின் சாவு பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் இழப்பு ஆண்டுக்கு வெறும் 0.07 சதவிகிதம்! நார்வேயின் ஸ்மோலா தீவில், நான்கு காற்றாலைகளின் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு பெயின்ட் அடித்ததில், பறவைகள் மோதிச் சாவது 70 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது.

இவற்றையெல்லாம்விட எளிய வழி, கம்பம் நடுவதற்கு முன்பே பறவைகளின் பாதையைப் பார்ப்பது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மாதக்கணக்கில் அளந்த பிறகுதான் காற்றாலைக்கு இடம் குறிக்கிறார்கள். அதே மாதங்களில் பருந்து எந்தப் பக்கம் பறக்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாமே!