நூடுல்ஸ் பாக்கெட்டோடு ஒரு கைப்பிடி பருப்பு

நூடுல்ஸை மட்டும் சாப்பிட்டு ஒரு வேளையை ஓட்ட முடியுமா? ஓட்டலாம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், அப்போது டீக்கடையில் பஜ்ஜிக்கும் பன்னுக்கும் காசு போகும். மாதக் கடைசியில் கையைக் கடிப்பது இந்த இரண்டாவது செலவுதான்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் பசிக்கிறது? பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் மைதா. 70 கிராம் பாக்கெட்டில் புரதம் (தசையை வளர்க்கும் சத்து, பசியையும் தாக்குப்பிடிக்க வைக்கும்) ஏறக்குறைய 6 கிராம்தான். நார்ச்சத்து சொற்பம். ஆகவே நூடுல்ஸை இட்லி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கூட ஒரு சாம்பார் வேண்டும்.

கூட எதைச் சேர்ப்பது? கையில் முட்டை இருந்தால் வேலை சுலபம். ஒரு முட்டையிலும் 6 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, அதாவது ஒரே முட்டையில் தட்டிலுள்ள புரதம் இரண்டு மடங்கு ஆகிறது. எப்போது உடைத்து ஊற்றுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நூடுல்ஸ் முக்கால் வேக்காடு வந்ததும் அடுப்பைக் குறைத்து, நடுவில் கரண்டியால் ஒரு குழி பண்ணி, முட்டையை அதில் விடுங்கள். கிளறாதீர்கள். மூடி போட்டு, வெள்ளைக்கரு வெளுத்து மஞ்சளும் கெட்டிப்படும்வரை வையுங்கள். ஊற்றியவுடன் கிளறினால் முட்டை இழை இழையாகப் பிரிந்து குழம்பு கெட்டியாகும். அதுவும் ருசிதான், பாத்திரம் மட்டும் அடிப்பிடிக்கும்.

முட்டை சாப்பிடாதவர்கள்? உங்களுக்கு என் முதல் சிபாரிசு பாசிப்பருப்பு. குக்கர் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் அளவு பருப்பைக் கழுவி, இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பொங்கி வரும் நுரையை எடுத்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் ஒரு பருப்பை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். நசுங்க வேண்டும், ஆனால் கூழாகியிருக்கக் கூடாது. அந்தப் பதத்தில் நூடுல்ஸைப் போடுங்கள். தண்ணீர் சுண்டியிருந்தால் அரை டம்ளர் விட்டுக்கொள்ளலாம். பருப்பு கரைந்து குழம்பு தானாகவே கெட்டிப்படும். கடைசியில் கொஞ்சம் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால், ஒரு தட்டு நிறைய வயிறு நிறையும் சாப்பாடு.

துவரம்பருப்பு ஆகாதா? ஆகும், ஆனால் குக்கர் இல்லாமல் வேக நேரமாகும். வீட்டில் குடும்ப அட்டை இருந்தால், தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கே கிடைக்கும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கிலோ கேட்டு வாங்கி வாருங்கள், கூச்சப்படாதீர்கள். அடுப்பில் நிற்கவே நேரமில்லாத நாளில், வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்துத் தூவி எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதும்.

காய்? முருங்கைக்கீரையோ நறுக்கிய முட்டைக்கோஸோ எது மலிவோ அது. நூடுல்ஸுக்கு முன்பே தண்ணீரில் போட்டுவிடுங்கள். நூடுல்ஸ் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், கீரை அதற்குள் வேகாது.

மசாலாப் பொட்டலம் முழுவதையும் கொட்டலாமா? வேண்டாம், பாதி போதும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பாக்கெட்டின் பின்புறத்தில் 'சோடியம்' (உப்பில் உள்ள, இரத்த அழுத்தத்தைக் கூட்டும் பொருள்) என்று ஒரு எண் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 900 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.25 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் பெரியவர்களுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே வேளையில் கிட்டத்தட்ட பாதி போய்விடுகிறது. எண் 100 கிராமுக்கா, ஒரு பாக்கெட்டுக்கா என்பதையும் கவனியுங்கள். மசாலாவைக் குறைத்தால் சப்பென்று இருக்குமே என்று தோன்றும். பூண்டு, மிளகு, எலுமிச்சை மூன்றும் அந்தக் குறையை ஈடுகட்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், அவர் தட்டுக்குப் பொட்டலமே வேண்டாம்.

மிச்ச ரசம், சாம்பார் இருந்தால்? பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரசத்தைத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து அதிலேயே நூடுல்ஸை வேகவிடுங்கள். அதில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் வேறு எதுவும் போட வேண்டாம். மிளகு ரசத்தில் வெந்த நூடுல்ஸைச் சளி பிடித்த நாளில் சுடச்சுடச் சாப்பிட்டுப் பாருங்கள்.

நூடுல்ஸில் மெழுகு பூசுகிறார்கள் என்கிறார்களே? இல்லை. வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து ஈரத்தைப் பெருமளவு எடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ 1958-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முறை இது. உங்களுக்கு இதனால் தெரிய வேண்டியது இரண்டு. பாக்கெட்டிலேயே இரண்டு டீஸ்பூனுக்குக் குறையாத எண்ணெய் இருக்கிறது, ஆகவே தாளிக்க அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது, தேதி தாண்டிய பாக்கெட்டில் அந்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அப்படி அடித்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

தினமும் சாப்பிடலாமா? வாரத்தில் ஒன்றிரண்டு வேளை போதும். மற்ற நாளுக்கு அதே பாசிப்பருப்பும் ஒரு பிடி அரிசியும் இருந்தால் பொங்கலாகிவிடும், செலவு இன்னும் குறைவு.

மிச்சப்பட்ட பாதி மசாலாவை என்ன செய்வது? பொட்டலத்தின் வாயை இரண்டு மடிப்பு மடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். திறந்தபடி விட்டால் ஈரம் இழுத்துக் கட்டிதட்டிவிடும். அடுத்த பாக்கெட்டுக்கு அதுவே போதும். உருளைக்கிழங்கு வறுவலிலோ சுண்டலிலோ தூவுவதானால் அதற்கு வேறு உப்பு போடாதீர்கள்.